கையடக்க ஹாம் வானொலியும் அலைவரிசைப் பட்டைகளும்: மணியாச்சிக் கரிசல் நிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உரிமம் பெற்ற தனிநபர்கள் வணிக நோக்கமின்றி, வானொலி நுட்பத்தைக் கற்கவும் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளவும் நடத்தும் சேவை அமெச்சூர் வானொலி. பேச்சுவழக்கில் அது ஹாம் ரேடியோ. இச்சேவைக்கெனப் பன்னாட்டு உடன்பாட்டாலும் உள்நாட்டு விதியாலும் ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் அதிர்வெண் தொகுதியும் ஒரு பட்டை எனப்படுகிறது. கையில் பிடித்துப் பேசும் கருவியை, அதாவது பொதுமக்கள் வாக்கி-டாக்கி என்றும் ஹாம்கள் ஹேண்டி என்றும் சொல்வதை, வாங்க முற்படுபவர் முதலில் கேட்கும் கேள்வி அது எத்தனை பட்டைகளில் இயங்கும் என்பதே. பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண்கள் விரிய விரியக் கருவி உயர்ந்தது என்னும் எண்ணமும் பரவலாக உண்டு. ஆனால் கருவியால் இயலும் அதிர்வெண், சட்டம் இசையும் அதிர்வெண், குறிப்பிட்ட ஒரு நிலப்பரப்பில் உண்மையிலேயே பயன்படும் அதிர்வெண் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, மேடுபள்ளம் குறைந்த மானாவாரிக் கரிசலில் அமைந்த மணியாச்சியை வைத்துப் பார்த்தால் இம்மூன்றும் ஒன்றைவிட்டொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தெளிவாகும்.

சட்டத்திலிருந்து தொடங்குவது எளிது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதல் வட்டாரத்திலும், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவதிலும், இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியாவும் மூன்றாவதிலும் அடங்கும். மூன்றாம் வட்டாரத்திற்கான ஒன்றியத்தின் பட்டியல் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அமெச்சூர் சேவைக்கு இடமளிக்கிறது. எனினும் ஒன்றியம் தரும் இடம் மேல்வரம்பு மட்டுமே. அதற்குள் எவ்வளவு திறந்துவிடுவது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும். 1978 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்தி அமெச்சூர் சேவை விதிகளும் அவற்றுக்குப் பின்வந்த திருத்தங்களும் இந்திய ஹாமுக்கு இரண்டு மீட்டர் பட்டையில் 144 முதல் 146 வரையும், எழுபது சென்டிமீட்டர் பட்டையில் 434 முதல் 438 வரையும் அளித்தன. இவையன்றி 50 முதல் 54 வரை ஆறு மீட்டர் பட்டையும், 1260 முதல் 1300 வரை இருபத்து மூன்று சென்டிமீட்டர் பட்டையும் உண்டு. அமெரிக்காவில் 222 முதல் 225 வரை உள்ள ஒன்றேகால் மீட்டர் பட்டை இந்தியாவில் அமெச்சூர் சேவைக்கு இல்லை.

மீட்டரும் சென்டிமீட்டரும் இங்கே அலைநீளத்தைக் குறிக்கின்றன. 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது சற்றேறக்குறைய 2 மீட்டர், 436க்கு 69 சென்டிமீட்டர், 52க்கு 5.8 மீட்டர். இந்த எளிய வகுத்தல் கணக்கே கையடக்கக் கருவியின் அமைப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆண்டெனா செவ்வனே இயங்க அதன் நீளம் அலைநீளத்தின் கால் பங்காகவேனும் இருத்தல் வேண்டும். இரண்டு மீட்டர் பட்டைக்கு அது அரை மீட்டர். எழுபது சென்டிமீட்டருக்கு ஒரு சாண் அளவும் இல்லை. ஆறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இதில் இயற்கையே தந்த ஒரு வசதியும் உண்டு: 145ஐ மூன்றால் பெருக்கினால் 435. இரண்டு மீட்டருக்கெனக் கால் அலை நீளத்தில் வெட்டிய கம்பி எழுபது சென்டிமீட்டரில் முக்கால் அலையாக நின்று அங்கும் ஒத்திசைகிறது. ஒரே ஆண்டெனாவில் இவ்விரண்டும் பொருந்துவதே உலகெங்கும் இருபட்டைக் கருவிகள் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம். 222 மெகாஹெர்ட்ஸ் இந்த மும்மடங்கு உறவில் சேர்வதில்லை. அதனால் அதற்கெனத் தனிக் கவனமும் தனிச் சமரசமும் தேவைப்படுகின்றன.

சந்தைக்கு வந்த கருவிகளை இந்தப் பின்னணியில் நிறுத்திப் பார்க்கலாம். யேசு நிறுவனத்தின் எஃப்டி-60ஆர் பழைய மரபைச் சார்ந்த இருபட்டைக் கருவி. அது 108 முதல் 520 வரையிலும் பின்னர் 700க்கு மேலும் கேட்கும், ஆனால் அனுப்புவது ஹாம் பட்டைகளில் மட்டுமே. கேட்கும் பரப்பும் அனுப்பும் பரப்பும் வேறு வேறு என்பதை வாங்குபவர் பலர் கவனிப்பதில்லை. கென்வுட்டின் டிஎச்-டி75 அமெரிக்கப் பதிப்பில் 220 பட்டையையும் சேர்த்து முப்பட்டைக் கருவியாக வருகிறது. ஐரோப்பியப் பதிப்பில் அந்தப் பட்டை இல்லை. யேசுவின் பழைய விஎக்ஸ்-8ஆர் 50 மெகாஹெர்ட்ஸையும் உள்ளடக்கியது. அலின்கோ டிஜே-ஜி7 1200 பட்டையைச் சேர்த்தது. ஐகாம் ஐசி-705 சிற்றலைப் பட்டைகள் முதல் 430 வரை அனைத்தையும் 10 வாட் திறனில் தருகிறது. எனினும் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைத் தோளில் மாட்டலாமே தவிரக் கையடக்கக் கருவி என்று சொல்வது மிகை. இவற்றுக்கெல்லாம் எதிர்முனையில் 2012 முதல் உலகச் சந்தையை நிறைத்த சீனத் தயாரிப்பான பாவ்ஃபெங் யூவி-5ஆர் நிற்கிறது. 136 முதல் 174 வரையும் 400 முதல் 520 வரையும் கேட்கவும் அனுப்பவும் வல்லது என்பதே அதன் விளம்பரம்.

இந்த விளம்பரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். முதற்பகுதி 38 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதில் இந்திய ஹாமுக்கு உரியது 2. இரண்டாம் பகுதி 120 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதில் உரியது 4. ஆக 158இல் 6 மட்டுமே. நூற்றுக்கு நான்கு பங்குகூடத் தேறாது. மீதமுள்ள பரப்பு வெற்றிடமன்று. 156 முதல் 162 வரை கடல்சார் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) சேவை இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகக் கப்பல்களும் விசைப்படகுகளும் ஆபத்தில் கூப்பிடும் 16ஆம் சேனல், 156.800 மெகாஹெர்ட்ஸ், அதற்குள் அடங்கும். ரயில் ஓட்டுநரும் கார்டும் நிலைய அலுவலரும் பேசும் வாக்கி-டாக்கிகள் விஎச்எஃப் பகுதியிலேயே, ஹாம் பட்டைக்கு வெளியே இயங்குகின்றன; தூத்துக்குடிப் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் பிரியும் வாஞ்சி மணியாச்சி சந்திப்பில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. காவல்துறையும் தனியார் நிறுவனங்களும் இதே பரப்பில் தம் சேனல்களை வைத்திருக்கின்றன. பொத்தான்களைத் தவறாக அழுத்திய ஒருவர் தம்மையறியாமலே இவர்களது தொடர்பில் குறுக்கிட இயலும் என்பதால், அகன்ற பரப்பை வசதி என்று கொள்வதைவிட ஆபத்து என்று கொள்வதே சரி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் அமெரிக்கப் பதிப்பும் இவ்வகையில் முழுக் குற்றமற்றதன்று. 144 முதல் 148 வரை அனுப்பும் அக்கருவியில் 146க்கு மேலுள்ள பாதி இந்தியாவில் ஹாமுக்கு உரியதல்ல. ஐரோப்பியப் பதிப்புகள் 146இல் நின்றுவிடுவதால் அவை இந்த மண்ணுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும். ஆயினும் 430 முதல் 434 வரையிலும் 438க்கு மேலும் அவற்றிலும் கை வைக்கலாகாது.

மலிவு, தரம் ஆகிய இரண்டுக்கும் இடையிலான வழக்கும் பட்டையோடு தொடர்புடையதே. பழைய மரபுக் கருவிகளில் பல நிலை மின்சுற்றுகளும் குறிப்பிட்ட பட்டைக்கென அமைந்த வடிப்பான்களும் இருக்கும். புதிய மலிவுக் கருவிகளில் ஏற்பி, அனுப்பி இரண்டும் ஒரே சில்லில் அடங்கிவிடுகின்றன. அகன்ற பரப்பை அனுமதிப்பதற்காக முன்வாயிலில் இருக்க வேண்டிய வடிப்பான்கள் தளர்த்தப்படுகின்றன அல்லது விடப்படுகின்றன. இதன் விளைவு இருமுனையானது. கேட்கும்போது, அருகிலுள்ள செல்போன் கோபுரத்தின் வலிய அலை கருவியைச் செவிடாக்கிவிடுகிறது. அனுப்பும்போது, விரும்பிய அதிர்வெண்ணின் இருமடங்கிலும் மும்மடங்கிலும் தேவையற்ற கசிவு வெளிப்படுகிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2018இல் அங்கீகாரமற்ற இருவழி வானொலிகளைக் குறித்து எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் இணைய விற்பனைத் தளங்களில் வாக்கி-டாக்கிகளைச் சட்டவிரோதமாகப் பட்டியலிடுவதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விற்பவர் அதிர்வெண்ணையும் உரிமத் தேவையையும் கருவி வகை ஒப்புதலையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதே அவற்றின் சாரம். இந்த நெறிகள் வருவதற்கு முன்பே பல்லாயிரம் கருவிகள் திருமண மண்டபங்களிலும் கோயில் கொடை விழாக்களிலும் குவாரிகளிலும் கைமாறிவிட்டிருந்தன என்பது வேறு கதை. உரிமம் இல்லாமல் சிறு தொலைவு பேச வேண்டியவர்களுக்கு 446.0 முதல் 446.2 வரை ஒரு குறுகிய பட்டை 2018இல் குறைதிறன் கருவிகளுக்கெனத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. காற்றாலைப் பணியாளருக்கும் விழாத் தொண்டருக்கும் உரியது அதுவேயன்றி ஹாம் பட்டை அன்று.

இனி நிலப்பரப்பு. விஎச்எஃப் அலைகளும் அதற்கு மேலான யுஎச்எஃப் அலைகளும் பெரும்பாலும் பார்வைக்கோட்டிலேயே செல்லும். பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஆண்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது தெரியும். நின்றுகொண்டிருப்பவர் கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கருவிக்கு இது 5 கிலோமீட்டர். எதிரே இருப்பவருக்கும் அதே 5 சேர்ந்து, மரமும் வீடும் இல்லாத கரிசல் வெளியில் 10 கிலோமீட்டர் என்பது ஏட்டளவிலான எல்லை. கரிசல் காட்டில் அடர்ந்துவிட்ட சீமைக்கருவேலம் இந்த எல்லையை மேலும் சுருக்கும். அதன் இலையும் கிளையும் எழுபது சென்டிமீட்டர் அலையை இரண்டு மீட்டர் அலையைவிடக் கூடுதலாக விழுங்குகின்றன. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தனித்தனியே 30 கிலோமீட்டர் அளவில் இருப்பதால், இரண்டு ஹேண்டிகள் தரையில் நின்று அந்நகரங்களோடு நேரடியாகப் பேசும் என்று எதிர்பார்ப்பது வீண்.

கருவியின் திறனைக் கூட்டினால் தீரும் என்று சிலர் கருதுவர். 4 வாட்டை 8 வாட்டாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. கேட்பவர் காதில் அது பெரிய மாற்றமாகப் படாது, மின்கலம் மட்டும் விரைவில் தீரும். மாறாக, இரு பக்கமும் 15 மீட்டர் உயரத்தில் ஆண்டெனாவை நிறுத்தினால் தொடுவானங்கள் சேர்ந்து 32 கிலோமீட்டரை எட்டும். 100 மீட்டர் உயர்ந்த ஒரு குன்றின் மேல் ரிப்பீட்டர் எனப்படும் மறு ஒலிபரப்பி இருந்தால் அதன் தொடுவானம் மட்டுமே 41 கிலோமீட்டர். ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை மற்றோர் அதிர்வெண்ணில் உடனே திருப்பி அனுப்பும். இரண்டு மீட்டர் பட்டையில் இவ்விரண்டுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. உயரத்தின் வலிமைக்குத் தென்மாவட்டத்தார் அறிந்த சான்று கொடைக்கானல் பண்பலை. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்நிலையம், விஎச்எஃப் பகுதியிலேயே இருந்தும், கோவில்பட்டி வட்டாரத்துத் தேநீர்க் கடை வரை எட்டுவதற்குக் காரணம் அனுப்பியின் திறன் மட்டுமன்று. இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலை உயரத்திலிருந்து தொடுவானம் 190 கிலோமீட்டரைத் தொடுகிறது, மணியாச்சியோ நேர்க்கோட்டில் 160 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

கரிசல் மண் ஈரமானால் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே அது வானொலிக்கு உகந்த மண் என்னும் கருத்து இப்பகுதி ஆர்வலரிடையே கேட்கக் கூடியது. மத்திய அலைக்கு அது பெரிதும் பொருந்தும். தூத்துக்குடியிலிருந்து 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறனுடன் இலங்கையை நோக்கி ஒலித்த அகில இந்திய வானொலி போன்ற நிலையங்களின் அலை தரையை ஒட்டியே ஊர்வதால், மண்ணின் கடத்துதிறனும் கடல்நீரின் கடத்துதிறனும் அவற்றுக்கு முக்கியம். தரையிலிருந்து எழும்பி நேர்க்கோட்டில் ஓடும் ஹேண்டி அலைகளுக்கு மண்ணின் நிறமும் ஈரமும் ஏறத்தாழப் பொருட்டல்ல. கடலோரத்தில் வேறொரு நிகழ்வே கவனிக்கத்தக்கது: குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று படியும் பொழுதுகளில் விஎச்எஃப் அலைகள் இரு அடுக்குகளுக்கு இடையே சிக்கி, மன்னார் வளைகுடாவைத் தாண்டிச் செல்லும். ராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் இலங்கைப் பண்பலை கேட்பது இதனாலும் நிகழ்கிறது; அத்தகைய வேளையில் இரண்டு மீட்டர் ஹேண்டியும் தன் வழக்கமான எல்லையை மீறும்.

ஆறு மீட்டர் பட்டையைப் பொறுத்தவரை இப்பகுதிக்குத் தனிச்சிறப்பு உண்டு, ஆனால் அது ஹேண்டிக்கு உதவும் சிறப்பு அன்று. பூமியின் காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனையை ஒட்டிச் செல்வதாலேயே இந்திய மண்ணிலிருந்து முதல் ஏவூர்தியை 1963 நவம்பர் 21 அன்று செலுத்தத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குவதும் இக்காரணத்தாலே. இக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழச் சமச்சீராக அமைந்த இரு நிலையங்களுக்கிடையே, மாலை வேளைகளில் 50 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அயனிமண்டலத்தின் வழியே வியக்கத்தக்க வலிமையுடன் செல்கின்றன. கோட்டின் அடியிலேயே இருக்கும் மணியாச்சிக்கு இந்தப் பாதையின் பலன் குறைவு. அலைகள் தலைக்கு மேலேயே கடந்துவிடும். அத்துடன், ஒன்றரை மீட்டர் கம்பியைச் சுருக்கிச் சாண் அளவாக்கிய ஆண்டெனாவில் 5 வாட்டின் பெரும்பகுதி வீணாகும். ஆகவே ஹேண்டியில் 50 மெகாஹெர்ட்ஸ் இருப்பது இங்கே அலங்காரமே.

1200 பட்டையின் நிலையும் ஏறத்தாழ இதுவே: பேச ஆள் இல்லாத பட்டையில் கருவி இருந்து பயனில்லை. மேலும் 1240 முதல் 1300 வரை செயற்கைக்கோள் வழிகாட்டிச் சேவைகளும் பகிர்ந்துகொள்வதால், 2023ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாட்டில் அப்பட்டையில் ஹாம்கள் எவ்வாறு கட்டுப்பாட்டுடன் இயங்க வேண்டும் என்பது விவாதப் பொருளானது. பட்டைகளோடு எண்முறைகளைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது: டிஎம்ஆர், டி-ஸ்டார் போன்ற எண்முறைகள் பட்டையை மாற்றுவதில்லை. பேசும் முறையை மட்டுமே மாற்றுகின்றன.

இரண்டு மீட்டர், எழுபது சென்டிமீட்டர் ஆகிய இரு பட்டைகளும் சேர்ந்து முழுப் பயன் தரும் இடம் வானம். இஸ்ரோ 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6 மூலம் ஏவிய ஹாம்சாட், 435 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் தரையிலிருந்து அலையைப் பெற்று 145 வட்டாரத்தில் திருப்பி அனுப்பியது. 2014இல் அதன் பணி முடிந்தது. ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சுக்கென அது அமைந்ததால் எஃப்எம் ஹேண்டிகளால் அதை முழுமையாகப் பயன்படுத்த இயலவில்லை. அந்தக் குறை இல்லாதவை சவுதியின் எஸ்ஓ-50 செயற்கைக்கோளும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மறு ஒலிபரப்பியும். விண்வெளி நிலையத்திற்கு 145.990இல், 67 ஹெர்ட்ஸ் துணைத்தொனியுடன் பேசி, 437.800இல் கேட்கலாம். இவ்விரு எண்களும் இந்திய விதியின் குறுகிய சாளரங்களுக்குள்ளேயே விழுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் டாப்ளர் விளைவால் எழுபது சென்டிமீட்டரில் 10 கிலோஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் நகரும். இரண்டு மீட்டரில் நகர்வு மூன்றிலொரு பங்கே. ஆகவே கேட்கும் பக்கத்தை மட்டும் சில படிகளாக மாற்றிக்கொண்டு, கையில் ஒரு திசை ஆண்டெனாவைப் பிடித்துப் பேசுவது இயலும். மறைப்பதற்கு மலையோ மாடமாளிகையோ இல்லாத கரிசல் வெளி, தரைத் தொடர்பைவிட இதற்கே ஏற்றது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டலில் பள்ளி மாணவியர் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரியில் அமெச்சூர் வானொலிக் கருவியுடன் விண்ணுக்குச் சென்றது; தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழுந்துவரும் நிலையில் இவ்வகைக் கோள்கள் பெருக இடமுண்டு.

தரைத் தொடர்புக்கான தொடுவானக் கணக்குகளின் கூர்மை 2023 டிசம்பரில் வெளிப்பட்டது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினம் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழையைப் பதிவு செய்தது. தாமிரபரணிக் கரையில் சாலைகளும் மின்சாரமும் செல்போன் தொடர்பும் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. மீட்கப்பட்டவர்கள் வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். மணியாச்சிக்கும் ஸ்ரீவைகுண்டத்திற்கும் நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. தரையில் நிற்கும் இரண்டு ஹேண்டிகள் அந்த இடைவெளியைக் கடக்கா. இரு பக்கமும் 15 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் பட்டையில், நல்ல ஆண்டெனாவோடு இருந்தால் அதே 5 வாட் கடக்கும். இதில் பட்டைகளின் எண்ணிக்கைக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஆகவே மணியாச்சி, கடம்பூர், கயத்தாறு வட்டாரத்தில் முதல் ஹேண்டியை வாங்க நினைப்பவர், தேர்வெழுதி உரிமம் பெற்ற பின், 144 முதல் 146 வரையிலும் 434 முதல் 438 வரையிலும் தூய்மையாக அனுப்பும் இருபட்டைக் கருவி ஒன்றைத் தேர்ந்து, கருவியின் அமைப்பிலேயே அனுப்பும் எல்லையை இவ்விரு சாளரங்களுக்குள் பூட்டிவிட வேண்டும். மூன்றாவது, நான்காவது பட்டைகளுக்கெனச் செலவிட இருந்த பணத்தை மொட்டைமாடியில் நிறுத்தும் ஓர் ஆண்டெனாவுக்கும் இழப்புக் குறைந்த கோஆக்சியல் கேபிளுக்கும் இடிதாங்கி அமைப்புக்கும் மாற்றிவிடுவது நல்லது.